விரல் நீளக் கீறல்

புது வண்டியைக் கழுவும்போது எடுத்த எடுப்பில் துணியைத் தொடக்கூடாது. முதலில் தண்ணீர். மேலே படிந்திருக்கிற புழுதி தானாக ஊறி, கரைந்து, கீழே இறங்க வேண்டும். புழுதியோடு துணியை வைத்து இழுத்தால் ஒவ்வொரு மணலும் ஒரு கோடு போட்டுவிடும். நான்கு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். என் கை தவறி ஒரு வண்டியிலும் கோடு விழுந்ததில்லை. அந்த ஒன்பது கோடும் நான் தெரிந்தே போட்டவை.

சார், ஸ்டேஷனில் பட்டியலைக் காட்டி எல்லாம் நீதானா என்று கேட்டீர்கள். நான்தான். ஏன் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். தமிழிலேயே எழுது, தெலுங்கில் மாற்றிக்கொள்கிறோம் என்றும் சொன்னீர்கள். காப்பியும் வாங்கிக் கொடுத்தீர்கள். அதனால் கேட்டதற்கு மேலேயும் கொஞ்சம் எழுதுகிறேன்.

என் பெயர் தணிகைவேல். நகரிக்குப் பக்கம். கல் உடைத்தேன், சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் மூட்டை தூக்கினேன், முதுகு போன பிறகு இந்த யார்டுக்கு வந்தேன். திருப்பதியிலிருந்து புத்தூர் போகிற சாலையில், ஷோரூமுக்குச் சொந்தமான யார்டு அது. புது வண்டிகள் ட்ரெய்லரில் வந்து அங்கேதான் இறங்கும். கழுவ வேண்டும், சுற்றிப் பார்க்க வேண்டும், எங்காவது அடிபட்டிருந்தால் தாளில் எழுத வேண்டும். தாளில் வண்டியின் படம் இருக்கும். அடிபட்ட இடத்தில் வட்டம் போட்டு, பக்கத்தில் என்ன காயம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன் நான். கழுவுகிற ஆட்களில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்தத் தாள் என்னிடம் வந்தது. நான் எழுதினால் எழுதியதுதான். மறுபடி யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். தங்குவதும் யார்டிலேயே. கேட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை.

விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தாலும் அந்த வண்டியைப் புதுசு என்று கொடுக்க மாட்டார்கள். இன்சூரன்ஸ் ஆள் வர வேண்டும், போட்டோ எடுக்க வேண்டும், பெயிண்ட் அடிக்க வேண்டும். அதற்குள் அந்தப் பெயருக்கு அடுத்த லோடில் வேறு வண்டி என்று மாற்றிவிடுவார்கள். வாங்குகிறவர்களும் மறுபடி பெயிண்ட் அடித்த வண்டியை ஒப்புக்கொள்வதில்லை. இங்கே புது வண்டி எடுத்தால் நேராக மலையடிவாரத்துக்குத்தான் போகும். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் சுற்றி, குங்குமம் இட்டு நிறுத்துகிற வண்டியில் பழுது இருக்கலாமா? யாரைக் கேட்டாலும் ஆகாது என்றுதான் சொல்வார்கள்.

இந்தப் புது மாடல் உகாதிக்கு வந்தது. இரண்டு மாதத்தில் டெலிவரி என்று சொல்லிப் பணம் கட்டிக்கொண்டார்கள். ஊரே புக் பண்ணியது. ஆனி போய் ஆடி வந்தும் வண்டிகள் ஒன்றிரண்டாகத்தான் வந்தன. புக் பண்ணியவர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் வைத்துக்கொண்டு, ஒருநாள் முப்பது பேர் சேர்ந்து ஷோரூமுக்கு வந்தார்கள். உள்ளே காட்சிக்கு நிறுத்தியிருந்த வண்டிக்குச் செத்தவர்களுக்குப் போடுகிற மாதிரி மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி வைத்து, சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருவர் மாரில் அடித்துக்கொண்டு அழுதுகூடக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரிக்காதவள் ஹரிதா. டெலிவரி மேஜையில் உட்காருகிற பெண். நாள் முழுக்க அவள்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். புத்தூரிலிருந்து சஞ்சய் என்று ஒருவர் வருவார். கம்ப்யூட்டர் வேலை. அன்றைக்கு நான் கழுவிய வண்டியை விட வந்தபோது அவர் மேஜைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு மாசம்னு சொன்ன வாய் இதானே? இப்ப இன்னாத்த வாய்ல வெச்சிகினு கீற?"

"சார், ஃபேக்டரிலேந்து வரணும் சார்."

"உன் மூஞ்சிய பாத்துக்கினு போறதுக்கா வாரத்துக்கு ஒரு நாள் லீவு போட்டுக்கினு வர்றேன்?"

சொல்லிவிட்டுக் கையில் இருந்த ஃபைலை அவள் மேல் வீசினார். அது அவள் தோளில் பட்டு விழுந்தது. அவள் குனிந்து பொறுக்கி, தாள்களை வரிசைப்படுத்தி, அவர் கையிலேயே கொடுத்தாள். பிறகு ஷோரூமின் பின்பக்கம் கழுவுகிற இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். நானும் பின்னால் போனேன்.

"ஏம் சேசேதி அங்கிள், இன்னா பண்றது? நான்தான் ராவெல்லாம் உக்காந்து காரு செய்றேன்னு நெனச்சிக்கினு கீறாங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கண் மட்டும் அழுதது.

மூன்று நாளில் சஞ்சயின் வண்டி வந்தது. கழுவினேன். துடைத்தேன். கண்ணாடியில் அவர் பெயர் எழுதிய அட்டை இருந்தது. கேட்டுப் பூட்டின் சாவி எப்போதும் என் இடுப்பில் இருக்கும். பின் கதவில், கைப்பிடிக்குக் கீழே, அதால் ஒரு விரல் நீளம் கோடு போட்டேன். சத்தம்கூட வரவில்லை. பிறகு தாளை எடுத்து வட்டம் போட்டு, 'கீறல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்தில் பொய் இல்லை சார். கீறல் இருந்தது, எழுதினேன்.

சஞ்சய் இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தார். முதலில் கத்தினார். பிறகு கத்துவது குறைந்தது. கடைசியில் வந்தபோது ஹரிதாவிடம், "எப்பமா வரும், கொஞ்சம் பாத்துச் சொல்லுமா" என்று கேட்டார். அவள் யார்டுக்கு வந்தபோது அதை அதிசயம் போலச் சொன்னாள். எனக்கு நிறைவாக இருந்தது. ஒரு மனிதனை அடிக்காமல், திட்டாமல், விரல் நீளக் கோட்டில் மாற்ற முடியும் என்றால் அது நல்ல காரியம்தானே என்று நினைத்தேன். யாருக்கும் ரத்தம் வரவில்லை.

அதன் பிறகு ஐந்து பேர். யார் யார் மேஜையைத் தட்டினார்கள், யார் அவளை 'டீ' போட்டுப் பேசினார்கள் என்று அவளே சொல்லுவாள். மனது ஆறுவதற்குச் சொன்னாள். நான் பெயரை நினைவில் வைத்துக்கொண்டேன். அவளுக்கு எதுவும் தெரியாது. அவளை விசாரிக்க வேண்டாம்.

ட்ரெய்லர் ஓட்டுகிற ரங்கையா மேல் பழி விழுந்தது. வண்டிகளைச் சங்கிலி போட்டுக் கட்டும்போது அவர்தான் உரசிவிடுகிறார் என்றார்கள். கடப்பாக்காரர், நல்ல மனிதர், வரும்போதெல்லாம் எனக்கு பீடிக்கட்டு வாங்கி வருவார். அவரை இந்த லைனிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேறு லைன் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

நீங்கள் பட்டியலில் ஒன்பது வண்டிகளை எண்ணியிருக்கிறீர்கள். ஆட்களை எண்ணவில்லை. ஆட்கள் ஏழு பேர்தான். கோவர்த்தனன் என்ற பெயர் மூன்று முறை இருக்கிறது.

அவர் ஒரு நாளும் கத்தியதில்லை.

நாகலாபுரத்துக்காரர். கொஞ்சம் நிலம், நெல்லும் வேர்க்கடலையும். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். அவர் மனைவி அம்சவேணிக்குக் கிட்னி போய்விட்டது. வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், திருப்பதிக்குக் கூட்டிவந்து மெஷினில் ரத்தம் சுத்தம் பண்ண வேண்டும். போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ். திரும்பும்போது அந்த அம்மா ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு வழியெல்லாம் வாந்தி எடுக்குமாம். அதனால் வாடகைக் கார்க்காரர்களும் ஒருமுறை வந்தால் மறுமுறை வர மாட்டார்கள்.

உகாதி சமயத்தில் மெஷின் முடிந்து வரும்போது, வெயிலுக்கு ஒதுங்கி ஷோரூமுக்குள் போயிருக்கிறார்கள். ஹரிதா அந்த அம்மாவைப் புது வண்டியின் பின் சீட்டில் உட்கார வைத்துச் சீட்டைச் சாய்த்துவிட்டிருக்கிறாள். உட்கார்ந்த அம்மா அப்படியே தூங்கிவிட்டதாம். ஒரு மணி நேரம் யாரும் எழுப்பவில்லை. அன்றைக்கே புக் பண்ணிவிட்டார்.

மனைவி மெஷினில் படுத்தால் நான்கு மணி நேரம். அந்த நேரத்தில் ஒரு வியாழக்கிழமை ஷேர் ஆட்டோ ஏறி யார்டுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியே நின்று, "அண்ணா, உள்ள வரலாமா? வண்டி எதுவும் வந்துச்சான்னு பாத்துட்டுப் போயிடறேன்" என்றார். வரவில்லை என்றேன். "பரவால்லண்ணா. துன்னீங்களா?" என்று கேட்டார்.

யார்டில் என்னை அப்படிக் கேட்டவர் யாரும் இல்லை. இனிமேல்தான் என்றேன். அவர் கையில் இருந்த சோற்றுத் தூக்கைக் காட்டினார்.

"வாங்க, ரெண்டு பேரும் துன்னலாம். டாக்டரு அவளுக்கு உப்பு வாணாம், புளி வாணாம்னு சொல்லிட்டாரு. அவளால துன்ன முடியாதத எல்லாம் ஆக்கி எனக்குக் கட்டிக் குடுக்கறா. பழி வாங்கறாண்ணா."

"பழினா இந்த மாதிரி வாங்கணும் சார்."

"சாராவது மோராவது. தம்பின்னு கூப்புடுங்க."

அதன் பிறகு வியாழக்கிழமை தவறாமல் வந்தார். வண்டி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். மழை, விலை, கடலையில் விழுகிற பூச்சி, எதையாவது பேசுவார். மூன்றாவது வாரத்திலிருந்து தூக்கில் இரண்டு பேருக்குச் சோறு இருந்தது. "யார்டு அண்ணனுக்கும் சேத்துன்னு அவளே போட்டா" என்றார். நான் ரேணிகுண்டாவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தேன். ஏற்கெனவே ஒன்று இருந்தது. இன்னொன்று.

அவர் பெயருக்கு முதல் வண்டி ஆவணியில் வந்தது. செவ்வாய்க்கிழமை. வெள்ளை. கழுவித் துடைத்து, அட்டையில் பெயரைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். இடது பக்கக் கதவு சரியாகப் பொருந்தவில்லை என்று எனக்குப் பட்டது. நோயாளி ஏறப் போகிற வண்டி, இவ்வளவு பொறுமையான மனிதருக்கு இதைவிட நல்லதாக வரட்டும் என்று தோன்றியது. சாவியை எடுத்தேன்.

வியாழக்கிழமை வந்தபோது அவருக்கு விஷயம் தெரிந்தது. "கேன்சல் பண்ணிட்டு எவன்கிட்டயாவது ஒரு பழைய வேனு வாங்கிக்கலாம்னு பாக்கறேண்ணா. அவளால பஸ்ல முடியல" என்றார்.

"கேன்சல் பண்ணாதீங்க தம்பி. பழைய வேனு தூக்கித் தூக்கிப் போடும். அடுத்த லோடுல நிச்சயமா வருது. நான்தானே இங்க கீறேன்."

அவர் என்னை நம்பினார். நல்லவர்கள் சீக்கிரம் நம்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது வண்டி ஐப்பசியில் வந்தது. அதிலும் போட்டேன். அதன் காரணம் எனக்கு இப்போது சரியாக நினைவில் இல்லை. அன்றைக்குக் காரணம் இருந்தது.

இந்த முறை ஹரிதா மேலே பேசி ஒரு வழி செய்தாள். கீறல் சின்னது, இரண்டு நாளில் பெயிண்ட் அடித்து, விலையும் குறைத்துக் கொடுத்துவிடலாம், அவருக்குச் சம்மதம் என்றால் போதும் என்றாள். அவர் சம்மதித்துவிட்டார். கீறலாவது ஒன்றாவது, வண்டி ஓடினால் போதும் என்று சிரித்துக்கொண்டே யார்டுக்கு வந்தார். வண்டியைச் சுற்றி வந்து அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

"இவ்ளோதானா? இதுக்கா இந்த ஆர்ப்பாட்டம்?"

நான் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். "எடுத்துக்கோங்க தம்பி. ஆனா ஒண்ணு. சொல்லக் கூடாதுதான்."

"சொல்லுங்கண்ணா."

"சாமி முன்னாடி நிறுத்தறதுக்கு முன்னாலயே காயம் பட்ட வண்டி. நல்லா இருக்கறவங்க ஏறினா பரவால்ல. தங்கச்சி ஒடம்புக்கு முடியாதது. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, ஒங்க மனசு அங்கதான் போயி நிக்கும்."

அவர் கையை வண்டியிலிருந்து எடுத்துவிட்டார். தள்ளிப் போய் மனைவிக்குப் போன் பண்ணினார். திரும்பி வந்து, "அவளும் வாணாம்னு சொல்றாண்ணா. அண்ணன் முன்னாடியே சொன்னாரே, அதுவே நல்லதுன்றா" என்றார். நான் யோசனை மட்டும்தான் சொன்னேன் சார். முடிவு அவர்கள் எடுத்தது. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் விடவில்லை. திங்கட்கிழமை அவர்களால் திருப்பதிக்கு வர முடியவில்லை என்று ஹரிதா சொன்னாள். வியாழக்கிழமை காலை எனக்குப் போன் வந்தது.

"அண்ணா, ரோடு மேல தண்ணி போவுது. பஸ்ஸு எல்லாம் நிறுத்திட்டாங்க. வாடகை வண்டி எவனும் கிளம்ப மாட்டேன்றான். ஆம்புலன்ஸு அந்தக் கரையில நிக்குது, தண்ணி வடியட்டும்னு. அவளுக்கு மூச்சு வாங்குதுண்ணா. சத்தியவேடு சுத்திக்கினு காளஹஸ்தி வழியா போலாமாம், சொந்த வண்டி இருந்தா. புது லோடு எதுவும் வந்துச்சா?"

"இல்ல தம்பி."

"அந்தக் காயம் பட்ட வண்டியாவது கீதாண்ணா? ஹரிதாகிட்ட சொல்லி ஒரு டிரைவரப் போட்டு அந்த வழியா அனுப்பச் சொல்லுங்க. அபசகுனமாவது ஒண்ணாவது. நான் எடுத்துக்கறேன்."

அந்த வண்டி எனக்கு எதிரில் பத்தடியில் நின்றுகொண்டிருந்தது. பெயிண்ட் அடித்துக் கோடு இருந்த இடமே தெரியவில்லை. மழைத் தண்ணீர் அதன் மேல் முத்து முத்தாக நின்றது. புது வண்டியின் மேல் தண்ணீர் அப்படித்தான் நிற்கும்.

"அது வேற ஆளுக்குப் போயிருச்சு தம்பி" என்றேன்.

"சரிண்ணா" என்றார். அப்போதும் கத்தவில்லை.

அவ்வளவு மழையில், தெரியாத வழியில், ஒரு டிரைவரை அனுப்புவது சரியாகப்படவில்லை எனக்கு. அப்படி எழுதினால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா தெரியவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அந்த அம்மா இல்லை. நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டதாம். மழையும் அன்றைக்குத்தான் விட்டது. அந்த அம்மாவை நான் ஒரு முறைகூட நேரில் பார்த்ததில்லை. அவர்கள் கையால் மூன்று மாதம் சாப்பிட்டிருக்கிறேன். உப்பு, புளி எல்லாம் அளவாக இருக்கும். வாயில் வைத்துப் பார்க்க முடியாதவர்கள் எப்படி அவ்வளவு அளவாகப் போட்டார்கள் என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

காரியம் முடிந்து இருபது நாள் கழித்துத்தான் வந்தார். வியாழக்கிழமைதான். தூக்கு இல்லை. நான் ஹோட்டலில் இரண்டு பொட்டலம் வாங்கி வைத்திருந்தேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்தார். ரொம்ப நேரம் வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கி நீங்க தடுத்தது நல்லதாப் போச்சுண்ணா. அந்த வண்டிய எடுத்து, இவ போயிருந்தா, காயம் பட்ட வண்டியாலதான் போனான்னு சாவற வரிக்கும் எனக்கு மனசு அடிச்சிக்கினே இருந்திருக்கும்."

நான் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். விதி என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அவர் அழுதார். எனக்கும் கண் கலங்கியது. அது பொய் இல்லை சார்.

புக்கிங்கை ரத்து பண்ணவில்லையா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அவள் ஆசைப்பட்ட வண்டி, வரட்டும் என்றார்.

"வந்ததும் அவ போட்டோவப் பின் சீட்டுல வெச்சிகினு ஒரு தடவ மலைக்குப் போயிட்டு வந்துடறேன். அப்பறம் நெலத்தக் குத்தகைக்கி வுட்டுட்டு, வண்டிய எடுத்துக்கினு பெங்களூருக்கே போயிடப் போறேன், பொண்ணு வூட்டுக்கு. அக்ஷயா தெனம் கூப்புடறா. இங்க இன்னா கீது எனக்கு, இந்த வண்டிய வாங்கற ஒரு வேலையத் தவிர?"

அதற்கப்புறம் அவர் வருகிற வியாழக்கிழமைகளில் பஸ் ஏறி எழுபது கிலோமீட்டர் வந்தது மெஷினுக்காக இல்லை. யார்டுக்கு மட்டும்தான். முன்னைவிடக் கூட நேரம் இருந்தார். நான்கு மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்கிற அவசரம் இப்போது இல்லை. சில நாள் சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம்.

ரங்கையாவின் ட்ரெய்லர் முதலாளி சும்மா விடவில்லை போலிருக்கிறது. வண்டி இறங்கிய பிறகுதான் கீறல் விழுகிறது என்று சண்டை போட்டு, மார்கழியில் யார்டுக்குக் கேமரா வைக்கச் செய்துவிட்டார். கம்பத்தில் ஏணி போட்டு அதை மாட்டியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டவனே நான்தான். எனக்கு அது தெரியும் என்று சொல்கிறேன். தெரியாமல் மாட்டிக்கொண்டான் என்று எழுதிவிடாதீர்கள்.

தை பிறந்து நான்காம் நாள் மூன்றாவது வண்டி வந்தது. நீங்கள் கேமரா படத்தில் பார்த்தது அதைத்தான். வெள்ளை வண்டி. எல்லாக் கதவும் பொருந்தியிருந்தன. எந்தக் குறையும் இல்லை. கண்ணாடியில் கோவர்த்தனன் என்று அட்டை. மறுநாள் வியாழக்கிழமை. அவர் வருவார், பார்ப்பார், சந்தோஷப்படுவார், எடுத்துக்கொண்டு போவார்.

ஹரிதாவைத் திட்டாத மனிதருக்கு ஏன் மூன்று முறை என்று நேற்று நீங்கள் கேட்டிருந்தால் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. எழுதிக்கொண்டே வந்ததில் இப்போது தெரிகிறது. மற்ற ஆறு பேருக்கும் பொறுமை வரட்டும் என்று போட்டேன். அம்சவேணி இறந்தது என்னால்தான். அந்த வண்டி யார்டில் இருந்தது, இல்லை என்று நான் சொன்னேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். ஆனால் இந்தக் கடைசிக் கோட்டை மட்டும் குற்றம் என்று எழுத வேண்டாம். பெங்களூரில் மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். முன்பின் தெரியாத ஊரில், நாலு சுவருக்குள், ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் அந்த மனிதர் தனியாக உட்கார்ந்திருப்பார். எனக்கு அது பொறுக்கவில்லை.